தாஸுக்கும் சேர்த்து அடித்த கற்பூரம்

1

போன வாரம் அலுவலகத்தில் ஒரே ஒரு பக்கம் கொண்ட பாரம் ஒன்றை நிரப்பி அரசாங்கத்துக்கு அனுப்பினேன். யார் யாரோடு சேர்ந்து, யாரிடம், எந்தப் பொருளுக்கு விலை பேசப்போகிறார்கள் என்ற விவரம். அவ்வளவுதான் அதில். அனுப்பி முடித்ததும் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாரம் நிரப்பிவிட்டு அழுகிற பெண்ணை இந்த ஆஸ்திரேலியா இதற்கு முன் பார்த்திருக்குமோ என்னவோ.

நான் இருப்பது அடிலெய்டில். நகரத்துக்கு வடக்கே பசுமைக் குடில்களில் தக்காளியும் வெள்ளரியும் விளைவிக்கிறவர்களின் சங்கத்தில் எழுத்தர் வேலை. உறுப்பினர்களில் வியட்நாம்காரர்கள் அதிகம், இத்தாலிக்காரர்கள் கொஞ்சம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் என் மேலதிகாரி மார்கரெட் எழுந்து நின்று ஒரு குறிப்பை வாசிப்பார். "இந்தக் கூட்டத்தில் யாரும் விற்கிற விலையைப் பற்றிப் பேசக் கூடாது." போட்டியாளர்கள் கூடி விலை பேசிவைத்துக்கொண்டால் இங்கே அபராதம் உண்டு, சிறையும் உண்டு. கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் யாராவது "பெட்டி என்ன விலைக்குப் போட்டாய்?" என்று வாயெடுத்தால் மற்றவர்கள் மழை வந்ததுபோலக் கலைந்துவிடுவார்கள்.

ஆனால் அதே சட்டம் சிறியவர்களுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. சின்னச் சின்ன விவசாயிகள் சேர்ந்து ஒரு பெரிய அங்காடி நிறுவனத்திடம் ஒரே குரலில் பேரம் பேசலாம். முன்கூட்டியே அந்த ஒரு பக்கத்தை நிரப்பி அனுப்பிவிட்டால் போதும், குற்றம் இல்லை. நான் அனுப்பியது அந்தப் பாரத்தைத்தான். மார்கரெட் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அவ்வளவுதான், முடிந்தது. தேநீர் குடிக்கலாமா?" என்றார்.

என் அண்ணன் இதே காரியத்தைத்தான் கும்மிடிப்பூண்டியில் செய்தார். அவருக்கு நிலம் போயிற்று, தொழில் போயிற்று, பிறகு உயிரும் போயிற்று. வருகிற ஆடியில் ஒரு வருடம்.

2

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு அண்ணனின் தொழிலை விளக்க வேண்டியதில்லை. கம்பெனிகளிலிருந்து சரக்கு வெளியே போக வேண்டுமானால் அடியில் வைக்க மரத்தட்டு வேண்டும். கட்டைகளை அறுத்து, பலகையை ஆணியடித்துச் சேர்த்து, பூச்சி வராமல் சூட்டு அறையில் வைத்து எடுத்து, முத்திரை குத்தினால் அது கப்பல் ஏறும். பேலட் என்பார்கள். அண்ணன் குமாரசாமி அப்பா வைத்துவிட்டுப் போன நெல்வயலில் ஒரு பகுதியை அடமானம் வைத்து ஷெட் போட்டார். அவரோடு ஐ.டி.ஐ.யில் படித்த தாஸ், பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு ஷெட் எடுத்தார். தாஸின் அப்பா எங்கள் வயலில் கூலி வேலை செய்தவர். எங்கள் அப்பா அவரைக் கடைசிவரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். மகன்கள் இருவரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டு திரிந்தார்கள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் அண்ணன் யாருக்குப் பிடிக்கிறது என்று பார்த்துப் பழகுகிறவர் இல்லை.

தொழிற்பேட்டையில் இவர்களைப் போலப் பன்னிரண்டு பதின்மூன்று சிறு ஷெட்டுகள் இருந்தன. வாங்குகிறவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கம்பெனி. பெயர் எதற்கு, விடுங்கள். அந்தக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி கம்ப்யூட்டரில் ஏலம் வைப்பார். யார் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆர்டர். ஏலம் முடிந்த பிறகும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போகும். "உங்க பக்கத்து ஷெட்காரர் இன்னும் கம்மியா தர்றேன்றாரு, நீங்க இன்னா சொல்றீங்க?" பக்கத்து ஷெட்காரருக்கும் இதே போன் போயிருக்கும்.

"கட்டைக்குக் குடுக்கிற டப்புகூடத் திரும்பல பாப்பா," என்பார் அண்ணன். "ஆணி, கரண்டு, ஆள் கூலி எல்லாம் கைய உட்டுப் போவுது. நாங்களே ஒருத்தன் கழுத்த ஒருத்தன் அறுத்துக்கினு கீறோம். அந்தாளு ஏசி ரூம்ல குந்திக்கினு வேடிக்க பாக்குறான்."

அப்போதுதான் சங்கம் வந்தது. அண்ணன் தலைவர். கவரைப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் செங்கல்வராயன் செயலாளர். இனி எல்லோரும் ஒரே விலைதான் கேட்பது, அதற்குக் கீழே யாரும் இறங்குவதில்லை என்று முடிவு செய்தார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஒற்றுமை. நான் வேலை செய்கிற நாட்டில் அதற்குப் பெயர் வேறு.

3

வாய்ப்பேச்சை நம்ப முடியாது என்று செங்கல்வராயன் சொன்னாராம். ஆகவே ஆடி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வேன் பிடித்துப் பெரியபாளையம் போனார்கள். பவானியம்மன் சந்நிதிக்கு வெளியே, வேப்பிலையும் கூட்டமுமாக நிற்கிற இடத்தில், தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். ஒவ்வொருவராக உள்ளங்கையால் நெருப்பை அடித்து அணைத்து, பேசின விலைக்குக் கீழே போகமாட்டேன், சங்கத்தை யாரிடமும் காட்டிக்கொடுக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள்.

தாஸ் முறை வந்தது. அவர் ஞாயிறுதோறும் தேவாலயம் போகிறவர். அன்றைக்கு ஆராதனையை விட்டுவிட்டு வந்ததே பெரிய காரியம்.

"தலைவரே, எங்க சபைல இதுக்கு ஒத்துக்க மாட்டாங்கோ," என்றாராம். "நான் கூடவே நின்னுக்கினு இருக்கேன். எனக்கும் சேத்து நீயே அடிச்சிடு."

அண்ணன் சிரித்துக்கொண்டே இன்னொரு கட்டிக் கற்பூரம் வைக்கச் சொல்லி, தாஸுக்காகவும் ஒருமுறை அடித்தார். அன்று மாலை என்னோடு வீடியோவில் பேசும்போது உள்ளங்கையைக் கேமராவுக்குக் காட்டினார். சிவந்திருந்தது. "பாரு, ரெண்டு ஆளு சூடு வாங்கிக்கினேன்," என்று பெருமை வேறு.

அடுத்த வாரம் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. வெளிநாடுகளில் விலை பேசிக்கொள்கிற பெரிய முதலாளிகள் எப்படிச் செய்வார்கள் என்று நான் இங்கே பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன். விமான நிலைய ஓட்டலில் அறை எடுப்பார்கள், புனைபெயர் வைத்துக்கொள்வார்கள், ஒரு காகிதம் மிச்சம் வைக்கமாட்டார்கள். எங்கள் ஆட்கள் தொழிற்பேட்டைக்குள் திரும்புகிற சாலை முனையில், அந்தக் கம்பெனியின் கேட்டுக்கு நேர் எதிரே, ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் கைகூப்பியபடி அண்ணன். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தாஸ். சுற்றிலும் மற்றவர்கள். மேலே கொட்டை எழுத்தில், "ஒரே விலை! ஒரே குரல்!"

தப்பென்று தெரிந்தவன் எவனாவது ஃப்ளெக்ஸ் வைப்பானா? ஆனால் தெரியாது என்பது எந்த நாட்டுச் சட்டத்திலும் பதிலாகாது.

4

கம்பெனி டெல்லியில் இருக்கும் வணிகப் போட்டி ஆணையத்துக்குப் புகார் கொடுத்தது. விசாரணை அதிகாரிகள் வந்தார்கள். அந்த ஃப்ளெக்ஸின் படத்தைக் காட்டி, "இது யார் வெச்சது?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"நாங்கதான் சார். நல்லா வந்திருக்குதான்னேன். டீ சொன்னேன், அவங்கோ குடிக்கல," என்றார் அண்ணன் போனில். குரலில் அப்போதுகூடப் பயம் இல்லை.

சட்டத்தைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மருந்துக்காரர்களும் சிமெண்ட்காரர்களும் கூடி உட்கார்ந்து விலை வைத்தால் நம் எல்லோர் வயிற்றிலும் அடி விழும். அதைத் தடுக்கத்தான் இந்தச் சட்டம். அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது, விலை பேசியவர்களைச் சிறைக்கு அனுப்புவார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் அபராதத்தோடு விட்டாலும், தொகையைக் கேட்டால் பெரிய நிறுவனங்களுக்கே தலை சுற்றும். இந்தியாவில் சிறை இல்லை, அபராதம். சங்கத்துக்குத் தனி, ஒவ்வொரு ஷெட்டுக்கும் தனி, பொறுப்பில் இருந்த ஆட்களுக்கும் தனி. சின்னவர்கள் என்று எச்சரித்து அனுப்பிய வழக்குகளும் உண்டு என்று எனக்குத் தெரிந்த சென்னை வக்கீல் ஒருவர் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. சின்னவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சேர்ந்து பேச, இங்கே இருக்கும் அந்த ஒரு பக்கப் பாரம் போல ஏதாவது அங்கே உண்டா என்று விசாரித்தேன். அப்படி ஒன்று இல்லை என்றார்.

எவ்வளவு வேறுபாடு இருந்தாலும் நான் படித்த நாடுகள் எல்லாம் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன. கூட்டுச் சேர்ந்தவர்களில் எவன் முதலில் ஓடிவந்து மற்றவர்களைப் பற்றி எல்லாவற்றையும் சொல்கிறானோ, அவனுக்கு மன்னிப்பு. முழு மன்னிப்பு ஒருவனுக்குத்தான். பின்னால் வருகிறவனுக்குக் கொஞ்சம் குறைப்பார்கள்.

இதைத் தெரிந்துகொண்டதும் அண்ணனைக் கூப்பிட்டேன். "அண்ணா, யோசிக்காதே. முதலில் நீ போய்விடு. நீதான் தலைவர், உனக்குத்தான் அபராதம் அதிகம் வரும்," என்றேன்.

மரம் அறுக்கிற மிஷினை அண்ணன் நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, அம்மன் மின்னாடி கைய வெச்சி அணைச்சிட்டு, டெல்லில போய் இவன் இன்னா சொன்னான், அவன் இன்னா சொன்னான்னு ஒப்பிச்சிக்கினு நிக்கச் சொல்றியா?" என்றார். "அங்க போய் நல்லாத்தான் படிச்சிக்கினு கீற நீ."



5

சில நாள் கழித்து அவரே கூப்பிட்டார். நான் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா, தாஸ அனுப்பிட்டேன்."

"எங்கே?"

"வக்கீலாண்ட. அப்படியே டெல்லிக்கு. நீ சொன்னியே, மொதல்ல போறவனுக்குத்தான் மன்னிப்புன்னு. அந்த எடத்த அவனுக்குக் குடுத்துட்டேன்."

அண்ணன் பேசிக்கொண்டே போனார். "ஒத்துக்கவே மாட்டேன்னான். அழுதான். நான்தான் சொன்னேன். டேய், உன் கற்பூரத்தயும் நான்தானே அடிச்சேன்? உன் கைல சூடே படல. நீ சத்தியம் பண்ணவே இல்ல. அம்மன் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டா, நீ போன்னேன். எனக்கு நெலம் கீது பாப்பா, வித்துக் கட்டிடுவேன். அவனுக்கு இன்னா கீது? ஷெட்டே வாடகை. ரெண்டு பொண்ணு வெச்சிக்கினு கீறான்."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்த யாராண்டயும் சொல்லாத. தலைவரே சத்தியத்த ஒடச்சான்னு ஆயிடும். பேஜாராப் பூடும்."

நான் பதில் சொல்லவில்லை. மகள் காத்திருப்பாள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

6

யார் போய்ச் சொன்னது என்பதை ஆணையம் ரகசியமாகத்தான் வைத்திருந்தது. சில வருடம் இழுத்துத் தீர்ப்பு வந்தபோது எல்லோருக்கும் அபராதம், ஒரு ஷெட்டுக்கு மட்டும் இல்லை. கும்மிடிப்பூண்டியில் இதைக் கண்டுபிடிக்க சி.பி.ஐ. தேவையா?

தாஸோடு யாரும் பேசவில்லை. மரக்கடைக்காரர்கள் கட்டை கொடுக்கவில்லை. டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துகொண்டார்கள். பழைய ஃப்ளெக்ஸில் அவர் முகத்தின்மேல் மட்டும் யாரோ வெள்ளைத் தாள் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் போய், சட்டை மட்டும் நின்றது. அண்ணன் ஒருநாள் ஏணி போட்டு ஏறி, அந்த ஃப்ளெக்ஸையே கிழித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். தலைவருக்குக் கோபம் என்று எல்லோரும் நினைத்தார்கள். யார்மேல் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணன் ஏரிக்கரையை ஒட்டிய நிலத்தை விற்றுக் கட்டினார். ஷெட்டை மூடினார். தாஸும் மூடினார். மன்னிப்பு வாங்கினவர், அபராதம் வாங்கினவர் இருவர் ஷெட்டிலும் ஒரே பூட்டு. தாஸ் அத்திப்பட்டு அனல் மின்நிலையத்தில் ஒப்பந்தக் கூலிக்குப் போனார். அண்ணன் எங்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்தார். போன ஆடியில் ஒரு காலை, காபியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலேயே போய்விட்டார். மாரடைப்பு.

நான் இந்த நாட்டுக் குடிமகளாகி, என் பாஸ்போர்ட்டின் நிறம் மாறிப் பல வருடம் ஆகிறது. விசா இல்லாமல் இந்தியா போகச் செய்துவைத்திருந்த அட்டையில் ஏதோ விவரம் பழைய பாஸ்போர்ட்டோடு நின்றுபோயிருந்தது. விமான நிறுவனத்துப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தூதரகத்தில் கேட்டு வாருங்கள் என்றாள். அன்று சனிக்கிழமை. நான் பிறந்த ஊருக்கு, என்னோடு பிறந்தவன் சாவுக்குப் போக, நான் திங்கட்கிழமைவரை காத்திருக்க வேண்டுமாம். பிணம் காத்திருக்குமா?

ஆகவே போனில்தான் பார்த்தேன். அண்ணியின் தம்பி வீடியோவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாலைகள், ஊதுவத்தி, பறை. சங்கத்து ஆட்கள் எல்லோரும் வரிசையாக வந்து மாலை போட்டார்கள். அப்போது தெருவுக்கு எதிர்ப்பக்கம் மின்கம்பத்தோடு ஒட்டி ஒருவர் நிற்பது தெரிந்தது. கையில் மாலை. தாஸண்ணன்.

"அவன் உள்ள வரக் கூடாது," என்று செங்கல்வராயன் குரல் கேட்டது. "தலைவர சாவடிச்சதே அவன்தான். வந்தா நடக்கறதே வேற."

"அவரை உள்ளே விடுங்க!" என்று நான் கத்தினேன். அடிலெய்டில் என் சமையலறையில் நின்றுகொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். பறைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. அண்ணியின் தம்பி, "அக்கா அழுவுது," என்று சொல்லிக் கேமராவை அண்ணன் முகத்துக்குத் திருப்பினார்.

பாடை கிளம்பிய பிறகு அந்த மாலையைத் தாஸண்ணன் கம்பத்தடியிலேயே வைத்துவிட்டுப் போனாராம்.

7

காரியம் எல்லாம் முடிந்து தாஸண்ணனைப் போனில் பிடித்தேன்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லக் கூடாதா அண்ணா?" என்றேன்.

"சொல்லி?" என்றார். "தலைவர் பேருல ஒண்ணு வந்துதுன்னா நான் பொழச்சிக் கெடந்து இன்னாத்துக்கு? துரோகின்னு சொல்றாங்களா, சொல்லிக்கினு போட்டும் பாப்பா. எனக்குப் பழகிப்போச்சு. எங்க சர்ச்சுல அவருக்காக ஜெபம் வெச்சேன். அது போதும்."

அவர் பெரிய மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டார் ஊரில் விசாரித்துவிட்டுப் பின்வாங்கினார்கள் என்று அண்ணிதான் பிறகு சொன்னார். காட்டிக்கொடுத்தவன் வீட்டுப் பெண் என்றார்களாம். அண்ணி அதை ஒரு செய்தியாகத்தான் சொன்னார். அவருக்கும் ஒன்றும் தெரியாது.

என் மகள் மது இங்கே சட்டம் படிக்கிறாள். போன வாரம் நான் அழுத முகத்தோடு வீட்டுக்கு வந்ததால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்ல நேர்ந்தது. கற்பூரம் அடிப்பது என்றால் என்ன என்பதை விளக்கவே பாதிநேரம் போயிற்று. கையைச் சுட்டுக்கொள்வார்களா, ஏன், ஒப்பந்தம் எழுதிக்கொண்டால் போதாதா என்றாள். நான் எந்த உலகத்திலிருந்து வந்தேன் என்று அவள் கண்ணில் ஒரு பரிதாபம். மாமா செய்தது அசல் கூட்டுச்சதி, அதில் சந்தேகமே இல்லை என்றும் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் வருத்தம் இல்லை. மாமாவை அவள் போன் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

"ஆனா அம்மா," என்றாள், அவளுக்கு வருகிற தமிழில், "அந்த தாஸ் அங்க்கிள் ஒண்ணும் தப்பு பண்ணலையே. இங்க அப்படிப் போய்ச் சொன்னா யாரும் கேவலமா நினைக்க மாட்டாங்க. மாமாவே சொல்லித்தான் போனார்னா, அது உனக்குத் தெரியும்னா, நீ ஏன் சொல்லல?"

அண்ணன் பெயர் கெட்டுவிடும் என்றேன்.

"மாமா இல்ல இப்போ. அங்க்கிள் இருக்காரே," என்றாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சையாம். நான் சமையலறை மேசையில் இதை எழுத உட்கார்ந்தேன்.

8

சங்கத்துக் கிடங்கில் தக்காளிப் பெட்டிகளுக்கு அடியில் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்த பேலட்டுகள் கிடக்கும். ஒவ்வொன்றின் கட்டையிலும் நாட்டின் குறியும், சூடு காட்டினவரின் எண்ணும் கறுப்பு முத்திரையாக இருக்கும். இந்தியா என்று கண்டால் குனிந்து பார்ப்பேன். அண்ணன் எண் எனக்கு மனப்பாடம். இதுவரை கண்ணில் பட்டதில்லை. இனி எங்கே படப்போகிறது.

நான் இதை எழுதி அனுப்புகிற இந்தப் பத்திரிகை கும்மிடிப்பூண்டி நூலகத்துக்கு வருகிறது என்று தெரியும். செங்கல்வராயன் அண்ணா தவறாமல் படிக்கிறவர் என்றும் தெரியும். அதனால் அவருக்கே சொல்கிறேன். அண்ணா, உங்களைக் காட்டிக்கொடுத்தது தாஸ் இல்லை. அந்த வழியை உங்கள் தலைவருக்குச் சொன்னது நான். அதில் தாஸை நடக்கவைத்தது உங்கள் தலைவர். உங்களையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லாமல், இருந்த ஒரே இடத்தைச் சிநேகிதனுக்குக் கொடுத்தார். அவர்மேல் உங்களுக்குக் கோபம் வரும். நியாயம்தான், வரட்டும். அவர் படத்துக்கு நீங்கள் மாலை போடாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் வருகிற ஆடியில் அண்ணனுக்கு வருஷத் திதி கொடுக்கும்போது, மின்கம்பத்தடியில் யாராவது மாலையோடு நின்றால், போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து இலை போடுங்கள். அந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் வந்து விசாரித்தால் நல்ல வார்த்தை சொல்லுங்கள்.

அண்ணா, குமாரண்ணா, நீ யாரிடமும் சொல்லாதே என்றாய். நான் சரி என்று சொல்லவில்லை, போனை வைத்துவிட்டேன். உனக்கும் தாஸுக்கும்தான் நீ அடித்தாய். எனக்காக யாரும் கற்பூரம் அடிக்கவில்லை. என் கையிலும் சூடு படவில்லை.